வாசகர் கேள்வி-பதில்: விளையாடும் குழந்தை என்ன கற்கிறது?

பள்ளிப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய வயதில் குழந்தைகள் விளையாடுவதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. அவன் போகும் மழலையர் பள்ளியில் காலை முழுவதும் விளையாடத்தான் விடுகிறார்கள். அவன் வயதுள்ள மற்றக் குழந்தைகள் எழுத்துகளை எழுதுகிறார்கள், நூறு வரை ஒப்பிக்கிறார்கள். இவன் பின்தங்கிவிடுவானோ என்று கவலையாக இருக்கிறது. பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக மாற்ற வேண்டாம். உங்கள் கவலை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. மற்றக் குழந்தையின் நோட்டில் எழுத்துகள் வரிசையாக நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் மகன் காலை முழுவதும் எதைக் கற்றான் என்பதைக் காட்ட வீட்டுக்கு ஒரு தாளும் வருவதில்லை. ஆகவே அவன் செய்வதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தொட்டித் தண்ணீர், ஓர் அகலக் கிண்ணம், கழுத்துக் குறுகலான ஒரு பாட்டில், ஒரு புனல் ஆகியவற்றோடு அந்த வயதுக் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கவனித்துப் பாருங்கள். முதல் தடவை கிண்ணத்தை அப்படியே கவிழ்க்கும். பாதிக்கு மேல் வெளியே போகும். அடுத்த தடவை கிண்ணத்தின் விளிம்பைப் பாட்டிலின் வாயில் முட்டுக்கொடுத்து மெதுவாகச் சாய்க்கும். பிறகு புனல் கண்ணில் படும். புனலைப் பாட்டிலின் வாயில் அழுத்தி வைத்து ஊற்றினால், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் புனலிலேயே தேங்கி நிற்கும். குழந்தை குனிந்து பார்க்கும், பாட்டிலைத் தட்டும், ஏதோ ஒரு தருணத்தில் புனலைச் சற்றுத் தூக்கும். தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். அதைக் கண்ட குழந்தை அடுத்த அரை மணி நேரத்துக்குப் புனலை அழுத்துவதும் தூக்குவதுமாகவே இருக்கும். காரணம் எது, விளைவு எது என்று பிரித்துப் பார்ப்பதற்கான முதல் பயிற்சி இது. அகலக் கிண்ணத்திலிருந்து குறுகிய பாத்திரத்துக்கு மாற்றினாலும் தண்ணீரின் அளவு மாறுவதில்லை என்ற புரிதல் ஏறத்தாழ ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டினார். அந்தப் புரிதலுக்கான அனுபவம் சேர்வது இப்படிப்பட்ட தொட்டிகளின் அருகில்தான்.

எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வரை மளமளவென்று ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு குவியல் மணிகளைக் கொடுத்து, ‘இதிலிருந்து ஐந்து எடுத்துத் தா’ என்று கேட்டால், பல குழந்தைகள் ஒரு கைப்பிடியை அள்ளித் தந்துவிடும். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்று அறிவது வேறு. இரண்டாவது வருவதற்குப் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதுவரை ஆகும். நான்கு பொம்மைகளை உட்கார வைத்து நான்கு தட்டுகளைத் தேடி எடுத்து, ஒன்று குறைகிறதே என்று திரும்பிப் போகும் குழந்தை அந்த அறிவை நோக்கித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

எழுத்தைப் பொறுத்தவரை, விரல் நுனிகளால் பென்சிலைப் பிடிக்கும் பிடி பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் படிப்படியாகக் கூடிவருவது. அதற்குத் தோளும் மணிக்கட்டும் விரல்களும் முதலில் வலுப்பட வேண்டும். களிமண் பிசைவதும், ஈரத்துணியைப் பிழிவதும், கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் அந்த வலுவைத் தருகின்றன. வாசிப்பு சற்றுத் தாமதமாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். ஐந்து வயதில் வாசிக்கக் கற்கத் தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, ஏறத்தாழப் பதினோரு வயதில் இரு சாராரின் வாசிப்புத் திறனிலும் வேறுபாடு தென்படவில்லை. பின்லாந்தில் குழந்தைகள் முறையான பள்ளிக் கல்வியை ஏழு வயதில்தான் தொடங்குகிறார்கள்.

ஆனால் ஒன்றை நீங்கள் அவசியம் விசாரிக்க வேண்டும். விளையாட விடுகிற பள்ளியும், கவனிக்க ஆளில்லாமல் விட்டுவிடுகிற பள்ளியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். பெரியவர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசுகிறார்களா, தினமும் கதை வாசிக்கிறார்களா, குழந்தை கேட்டால் எழுத்தைச் சொல்லித் தருகிறார்களா, விளையாடக் கிடைக்கும் பொருள்கள் மாறிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாமல் வெறும் நேரத்தை மட்டும் தரும் பள்ளி என்றால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் மகளின் வகுப்பில் தினமும் அரை மணி நேரம் ‘விளையாட்டு நேரம்’ உண்டு. ஆசிரியை சொல்கிற வண்ணத்தில் உள்ள பந்தை எடுத்துக் கூடையில் போட வேண்டும். சரியாகப் போட்டால் கைதட்டுவார்கள். சுதந்திர விளையாட்டு என்று சொல்வது இதைத்தானா?

பதில்: இல்லை. நீங்கள் விவரிப்பது விளையாட்டின் உருவில் நடக்கும் ஒரு பாடம். அது தவறான செயல் என்று நான் சொல்லவில்லை; ஆனால் பெயர் மாறிவிடக் கூடாது. எதை விளையாடுவது, யாரோடு விளையாடுவது, எப்படி விளையாடுவது, எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் குழந்தை முடிவு செய்தால்தான் அது சுதந்திர விளையாட்டு. அதற்கு வெளியிலிருந்து குறித்துக் கொடுத்த ஓர் இலக்கோ, சரி தவறு என்ற மதிப்பீடோ இருக்காது. விதிகள் இருக்கலாம், சில சமயம் மிகக் கடுமையான விதிகளே இருக்கும். அவற்றைக் குழந்தைகளே வகுத்திருப்பார்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவில் எலிசபெத் பொனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலியோர் 2011இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்குப் பல வேலைகளைச் செய்யும் ஒரு புதிய பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் ஒரு குழாயை இழுத்தால் சத்தம் வரும். வேறோரிடத்தில் விளக்கு எரியும். இன்னோரிடத்தில் இசை கேட்கும். ஒரு குழாய்க்குள் கண்ணாடி இருக்கும். சில குழந்தைகளுக்கு, ‘இது எப்படி வேலை செய்கிறது பார்’ என்று குழாயை இழுத்துக் காட்டிப் பாடமாகச் சொல்லித் தந்தார்கள். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரப்பட்ட குழந்தைகள் காட்டிய அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். பொம்மையின் மற்ற வேலைகளை அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். பெரியவர் ஒன்றைச் சொல்லித் தரும்போது, சொல்லாமல் விட்டவை இல்லை என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. அதன் தரப்பிலிருந்து பார்த்தால் அது நியாயமான முடிவும்கூட.

அதற்காக எல்லாவற்றையும் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும் என்று எண்ணுவதும் சரியில்லை. ஓர் எழுத்துக்கு இந்த ஒலி, இந்த வடிவத்துக்கு முக்கோணம் என்று பெயர் என்பவை மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டவை. அவற்றை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இதற்கு ஆய்வாளர்கள் பரிந்துரைப்பது வழிகாட்டிய விளையாட்டு என்னும் நடுவழி. பெரியவர் ஒரு நோக்கத்தோடு பொருள்களை எடுத்து வைப்பார், இடையிடையே ஒரு கேள்வி கேட்பார், ஆனால் விளையாட்டின் கடிவாளம் குழந்தையின் கையில் இருக்கும். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடக்கக் கணிதம், வடிவங்களைப் பற்றிய அறிவு போன்றவற்றில் இந்த முறை நேரடியாகச் சொல்லித் தருவதைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தது. மகளின் ஆசிரியையிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்தால், அந்த அரை மணியை நிறுத்தச் சொல்ல வேண்டாம்; அதோடு குழந்தைகள் தாங்களே தேர்ந்து விளையாடும் ஒரு நீண்ட நேரத்தையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்கு அறிவை வளர்க்கும் பொம்மைகள் எவை? எத்தனை வாங்கலாம்?

பதில்: குறைவாக வாங்குங்கள். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாதம் முதல் முப்பது மாதம் வரையான குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் செலவிட்டார்கள், ஒரே பொம்மையைப் பல விதங்களில் பயன்படுத்தினார்கள். வீட்டில் ஏற்கெனவே நிறைய இருந்தால் பாதியை எடுத்து மேலே வைத்துவிட்டு, சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

எந்தப் பொம்மை என்பதைவிட, அது எத்தனை விதமாக ஆக முடியும் என்பதே கேள்வி. பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை எப்போதும் பாடும் பொம்மைதான். ஒரு மரக்கட்டை இன்று வண்டி, நாளை தொலைபேசி, மறுநாள் பாலம். டென்மார்க்கின் தோட்டக்கலை வடிவமைப்பாளர் சோரன்சன், தாம் அழகாக அமைத்துக் கொடுத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் பலகைகளிலும் செங்கற்களிலும் குழந்தைகள் ஆர்வமாக விளையாடுவதைக் கவனித்தார். அதன் விளைவாக 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில், பழைய பொருள்களைக் கொண்டு குழந்தைகளே கட்டி விளையாடும் திடல் உருவானது. உங்கள் வீட்டுக்கு அட்டைப்பெட்டி, துணித்துண்டுகள், மூடிகள், கரண்டிகள், மணல், தண்ணீர் போதும். மூன்று வயது ஆகும்வரை வாய்க்குள் போகக்கூடிய சிறு பொருள்களும், அதற்குப் பிறகும்கூட வட்டமான சிறிய பேட்டரிகளும் கைக்கு எட்டக் கூடாது என்பதில் மட்டும் தளர்வு வேண்டாம். விழுங்கிய பேட்டரி சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

கேள்வி: என் நான்கு வயது மகள் இல்லாத ஒரு தோழியோடு பேசுகிறாள். அந்தத் தோழிக்குப் பெயர் உண்டு, சாப்பாட்டில் பங்கு உண்டு. தலையணையைக் குழந்தை என்று தட்டித் தூங்க வைக்கிறாள். பொய் சொல்லும் பழக்கம் வந்துவிடுமோ என்று என் மனைவி பயப்படுகிறார்.

பதில்: பயப்பட வேண்டியதில்லை என்று உங்கள் மனைவியிடம் உறுதியாகச் சொல்லுங்கள். கற்பனைத் தோழர்களை நீண்ட காலம் ஆராய்ந்த மார்ஜரி டெய்லரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏறத்தாழ மூன்று குழந்தைகளில் இரண்டு குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு காலகட்டத்தில் அப்படி ஒரு தோழர் இருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு அந்தத் தோழர் உண்மையில் இல்லை என்பது தெரியும். நாம் மிகவும் மெனக்கெட்டு விசாரித்தால், ‘அவள் சும்மா’ என்று அவர்களே நமக்கு விளக்கம் சொல்வார்கள்.

தலையணையைத் தட்டித் தூங்க வைக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில் அருமையாக விளக்கினார். குச்சியைக் குதிரை என்று வைத்துக்கொண்டு ஓடும் குழந்தை, கண்ணால் காணும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கிறது. ஒன்று இன்னொன்றைக் குறிக்க முடியும் என்ற இந்த அறிதலின் மேல்தான் பின்னாளில் எழுத்தும் எண்ணும் நிற்கின்றன. அவர் சொன்ன இன்னொரு கருத்து எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பாவனை விளையாட்டில் குழந்தை மனம்போன போக்கில் நடந்துகொள்வதில்லை. அம்மாவாக இருப்பவள் அம்மாவைப் போலத்தான் நடக்க வேண்டும். குழந்தை விழித்துவிடும் என்று மெதுவாக நடக்கிறாள், கத்தத் தோன்றினாலும் கிசுகிசுக்கிறாள். வேறு யார் சொன்னாலும் ஐந்து நிமிடம் சும்மா இருக்காத குழந்தை, தானே ஏற்றுக்கொண்ட வேடத்துக்காகத் தன்னை அடக்கிக்கொள்கிறது.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். பாவனை விளையாட்டு இத்தனை ஆற்றல்களை வளர்க்கும் என்று விளம்பரம்போல எழுதப்படுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் மற்றவர்களும் 2013இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைக் கறாராக அலசி, அறிவு வளர்ச்சிக்குப் பாவனை விளையாட்டுதான் காரணம் என்று நிறுவப் போதிய சான்று இல்லை, மற்ற வழிகளாலும் அதே வளர்ச்சி வரக்கூடும் என்று சொன்னார்கள். ஆகவே பாவனையாக விளையாடாத குழந்தையை வற்புறுத்தி விளையாட வைக்க வேண்டியதில்லை. விளையாடுகிற குழந்தையைத் தடுக்கவும் வேண்டியதில்லை. தோழிக்குத் தட்டு வைக்கச் சொன்னால் வையுங்கள். அந்தத் தோழியை நீங்களாக இழுத்து வந்து, ‘அவள் சாப்பிட்டுவிட்டாள், நீயும் சாப்பிடு’ என்று காரியம் சாதிக்கப் பயன்படுத்தாதீர்கள். அது அவளுடைய உலகம்.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. திண்டு, மரம், சுவர் எதைக் கண்டாலும் ஏறுகிறான், படியிலிருந்து குதிக்கிறான். விழுந்து அடிபட்டால் பெற்றோருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ‘ஏறாதே’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பதில்: பேரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றிருக்கும் உங்கள் பயத்தைக் குறைவாக எடைபோட மாட்டேன். இருந்தாலும் ஏறுவதும் குதிப்பதும் அந்த வயதின் தேவை. நார்வே ஆய்வாளர் எலன் சான்செட்டர் குழந்தைகளின் துணிச்சலான விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, கட்டிப் புரண்டு சண்டை போடுவது, பெரியவர் கண்ணிலிருந்து மறைந்துபோவது. சிறு சிறு அளவுகளில் பயத்தை எதிர்கொண்டு, அதைத் தாண்டி வரும் அனுபவம் குழந்தைகளின் இயல்பான அச்சங்களைக் குறைக்கிறது என்பது அவருடைய கருத்து.

நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது, குழந்தையால் அளக்க முடிந்த ஆபத்தையும் அளக்க முடியாத ஆபத்தையும். மூன்றாம் படியின் உயரத்தை அவன் கண்ணால் அளக்க முடியும். குதிக்கும் முன் ஒரு கணம் நின்று, முழங்காலை மடக்கி, மனம் மாறி இரண்டாம் படிக்கு இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பட்டுப்போன கிளை, ஆடும் சுவர், மின்கம்பி, வாகனங்கள், திறந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அவனால் அளக்க முடியாது. சில அங்குல ஆழத் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். அளக்க முடியாதவற்றை நீங்கள் முற்றாக அகற்றுங்கள் அல்லது அடைத்துவிடுங்கள். அளக்க முடிந்தவற்றின் அருகில் நில்லுங்கள்.

‘விழுந்துவிடுவாய்’ என்ற சொல் அவன் கவனத்தைக் காலிலிருந்து உங்கள் முகத்துக்குத் திருப்பிவிடும். ‘அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறாய்?’, ‘அந்தக் கிளை அசைகிறதா பார்’ என்று கேட்டால் கவனம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். தானாக ஏற முடியாத உயரத்தில் அவனைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தன் முயற்சியால் ஏறிய குழந்தைக்குப் பெரும்பாலும் இறங்கும் வழியும் தெரியும். பெற்றோரிடமும் இதை முன்கூட்டியே பேசி, எதுவரை அனுமதிப்பது என்று மூவரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு சிராய்ப்புக்காக உங்கள்மேல் பழி வரக் கூடாது.

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. சுதந்திர விளையாட்டில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் பெற்றோர் தினமும் எழுதிய தாளைக் கேட்கிறார்கள். நிர்வாகம் மதிப்பெண் கேட்கிறது. வகுப்பில் சண்டையும் நிறைய. எப்படி நடத்துவது?

பதில்: உங்கள் தொழிலின் மிகக் கடினமான பகுதியைக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரத்தைப் பற்றிப் பேசுவோம். பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டித் தரும் நேரத்தில் ஆழமான விளையாட்டு உருவாகாது. யார் எந்த வேடம், எது கடை, எது வீடு என்று பேசி முடிப்பதற்கே பத்து நிமிடம் ஆகிவிடும். விளையாட்டு தொடங்கும்போது மணி அடித்துவிடும். தடையில்லாமல் ஒரு மணி நேரமாவது கிடைக்குமாறு கால அட்டவணையை மாற்றிப் பாருங்கள். முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள். பாதியில் நின்ற கட்டடத்தை மறுநாள் தொடர்வதற்காகக் கலைக்காமல் வைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள்.

அடுத்தது, உங்கள் இடம். குழந்தைகள் விளையாடும் நேரம் ஆசிரியர் நோட்டுத் திருத்தும் நேரம் ஆகிவிடக் கூடாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணையும் காதையும் திறந்து வைக்கும் நேரம் அது. விளையாட்டு செழிப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டாலும் அது அறுந்துபோகும். ‘அது என்ன நிறம்? எத்தனை இருக்கிறது?’ என்று நமக்கு விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுக் கொண்டாட்டத்தைத் தேர்வாக்கிவிட வேண்டாம். ஒரே செயல் சலிப்போடு திரும்பத் திரும்ப நடந்தால், பேசாமல் ஒரு பொருளை அருகில் வைத்துவிட்டு நகருங்கள். மருத்துவர் விளையாட்டில் ஒரு தாளும் பென்சிலும் வந்து சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் மருந்துச் சீட்டுகள் எழுதப்படுவதைக் காண்பீர்கள். கோடும் சுழியுமாகக் கிறுக்கி, ‘காய்ச்சலுக்கு இது, மூன்று வேளை’ என்று நீட்டும் குழந்தைக்கு எழுத்து எதற்காக இருக்கிறது என்பது புரிந்துவிட்டது. எழுத்துகளின் வடிவம் பின்னால் வரும்.

சண்டையைப் பற்றி: ஒரு குழந்தைக்கு அடிபடும் நிலையிலோ, ஒரே குழந்தை தொடர்ந்து ஒதுக்கப்படும்போதோ உடனே தலையிடுங்கள். மற்றபடி, இரண்டு பேர் ஒரே வேடத்துக்கு அடித்துக்கொள்ளும்போது அரை நிமிடம் பொறுங்கள். ‘நீ பெரிய டாக்டர், நான் ஊசி போடற டாக்டர்’ என்று அவர்களே வழி கண்டுபிடிப்பது உங்கள் தீர்ப்பைவிட மேலான தீர்வாக இருக்கும். அரை நிமிடத்தில் முடியாவிட்டால் அருகில் உட்கார்ந்து, இருவரும் என்ன விரும்புகிறார்கள் என்பதைச் சொல்லாக்கிக் கொடுங்கள்; தீர்வை அவர்களிடமே விடுங்கள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே பார்வையாளராக நிற்பதையும், தனியாக விளையாடுவதையும், பக்கத்தில் உட்கார்ந்து தத்தம் போக்கில் விளையாடுவதையும் கூடி விளையாடுவதற்கு முந்தைய நிலைகளாகப் பட்டியலிட்டார். பார்த்துக்கொண்டிருப்பதும் பங்கேற்பின் ஒரு வகைதான்.

நட்சத்திர ஒட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே வரைவதில் ஆர்வமுள்ள மழலைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள், பின்னர் சுதந்திரமாக விளையாடும் நேரத்தில் வரைவதில் மற்றவர்களைவிடக் குறைவான நேரத்தையே செலவிட்டார்கள். குழந்தை தானாக விரும்பிச் செய்வதற்குக் கூலி கொடுத்தால் அந்த விருப்பம் தேய்கிறது.

பெற்றோரும் நிர்வாகமும் கேட்பது ஒரு சான்று. அதைக் கொடுக்க முடியும். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு மூன்று நான்கு குழந்தைகளை மட்டும் கவனித்து, நடந்ததை நடந்தபடி இரண்டு வரிகள் எழுதுங்கள். ‘நன்றாக விளையாடினான்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘நீளக் கட்டை கிடைக்காதபோது இரண்டு குட்டைக் கட்டைகளைச் சேர்த்து வைத்து அளவு சரியா என்று பார்த்தான்’ என்று எழுதினால், அதில் கணிதம் இருப்பதைப் பெற்றோர் தாமே கண்டுகொள்வார்கள். மாதம் ஒரு முறை அந்தக் குறிப்புகளை வீட்டுக்கு அனுப்புங்கள். இயன்றால் பெற்றோரைச் சிறு சிறு குழுக்களாக வரவழைத்து, ஒரு காலைப்பொழுது ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் பேசும்போது, விளையாட்டுக்கான உரிமை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவில் இடம்பெற்றிருப்பதையும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில் மருத்துவர்கள் சிறு குழந்தைகளுக்கு விளையாட்டையே மருந்துச் சீட்டில் எழுதித் தரலாம் என்று பரிந்துரைத்திருப்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: செல்போனில் என் மகன் தானே தேர்ந்தெடுத்துத்தான் விளையாடுகிறான். அதுவும் சுதந்திர விளையாட்டுதானே?

பதில்: இல்லை. திரையில் குழந்தை தேர்ந்தெடுப்பது வேறொருவர் முன்பே வடிவமைத்து வைத்த சில வழிகளில் ஒன்றை. கட்டை சாய்ந்து விழும்போது அதன் எடையைக் கை உணர்கிறது. திரையில் விழும் கட்டைக்கு எடை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இரண்டு வயதுக்குள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அதே வழிகாட்டுதல் கேட்பது நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் ஆட்டமும் இருக்க வேண்டும்.

கேள்வி: என் ஐந்து வயது மகன் தனியாக விளையாடவே மாட்டேன் என்கிறான். ‘என்ன விளையாடறதுன்னு நீயே சொல்லும்மா’ என்று பின்னாலேயே வருகிறான். வேலை செய்ய முடியவில்லை. அவனிடம் ஏதாவது குறை இருக்குமோ?

பதில்: நாள் முழுவதும் பள்ளி, பயிற்சி வகுப்பு, திரை என்று வேறொருவர் நடத்தும் நிகழ்ச்சிகளிலேயே பொழுது போகும் குழந்தைகளுக்கு, கையில் வெறும் நேரம் கிடைத்தால் என்ன செய்வது என்று தெரியாமல் போவது உண்டு. இது பழக்கத்தால் வந்ததென்றால் பழக்கத்தால் மாறும். முதலில் அவனோடு பதினைந்து இருபது நிமிடம் தரையில் உட்காருங்கள். செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அவன் ‘நீயே சொல்லு’ என்றாலும் யோசனை சொல்லாமல், அங்கே இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்து நீங்கள் பாட்டுக்கு அடுக்கத் தொடங்குங்கள். அவன் கை தானாக நீளும். அவன் மும்முரமானதும், ‘இதோ துணியை மடித்துவிட்டு வருகிறேன்’ என்று அவன் கண்பார்வைக்குள்ளேயே நகருங்கள். சொன்னபடி திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போங்கள். நாள்பட நாள்பட அந்த இடைவெளியை நீட்டலாம். ‘பொழுதே போகலை’ என்று சிணுங்கினால் உடனே ஏதாவது செய்து நிரப்ப ஓடாதீர்கள். அந்தச் சலிப்பிலிருந்துதான் பெரும்பாலும் அடுத்த விளையாட்டு பிறக்கும். முதல் சில நாட்கள் சிணுங்கல் கூடும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

குறை இருக்குமோ என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களோடு விளையாட ஆசைப்படுகிறான், கேட்கிறான், பேசுகிறான் என்பதால் நீங்கள் எழுதியதில் கவலைப்பட எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத குழந்தை, முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை, ஐந்து வயதிலும் மற்றக் குழந்தைகள்மேல் சிறிதும் நாட்டமில்லாமல் பொருள்களை வரிசையாக அடுக்குவது போன்ற ஒரே செயலில் மூழ்கியிருக்கும் குழந்தை ஆகியோரைக் காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அவர்களுக்கு முதலில் செவித்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காததால் விளையாட்டிலிருந்து ஒதுங்கும் குழந்தைகள் உண்டு, அது வீட்டில் பல நாள் யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.